மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்குப் பட்டதாரிகளைச் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ பழைய மாணவர் சங்கம் ஒன்று கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். நம் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லை, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை, ஆங்கிலப் பாடவேளையில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதே தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), பட்டம் முடித்துவிட்டு அரச நியமனம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதற்கான வழிதான் இது. பழைய மாணவர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள், இளைஞர் மன்றங்கள், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

பட்டதாரியைக் கண்டுபிடிப்பது இதில் சுலபமான வேலை. அவர் முதல் தவணையை (பாடசாலை வருடத்தின் மூன்றில் ஒரு பங்கு) தாண்டுவாரா என்பதுதான் கஷ்டமான வேலை. தங்க ஒரு நல்ல அறை, தேதி தவறாத கொடுப்பனவு, மாலையில் பேச ஒரு அனுபவசாலி ஆகிய மூன்றும் இருந்தால் அநேகமாகத் தாண்டுவார். இதில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு இலட்சியத்தோடு வந்தவரும் சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டார். அதனால் இந்த வழிகாட்டியில் விளம்பரமும் நேர்முகத் தேர்வும் நடுவில்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

வெளியே என்ன நடந்தது, நம்மிடம் என்ன நடந்தது

இந்த யோசனைக்கு உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் ‘டீச் ஃபார் அமெரிக்கா’. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி வெண்டி கோப் 1989இல் தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் இதை முன்வைத்தார். 1990இல் சுமார் 500 புதுப் பட்டதாரிகள் வசதி குறைந்த பாடசாலைகளுக்குப் போனார்கள். இரண்டு வருடம் படிப்பிப்பதுதான் ஒப்பந்தம். 2002இல் இங்கிலாந்தில் ‘டீச் ஃபர்ஸ்ட்’ வந்தது. 2009இல் மும்பையிலும் புனேயிலும் ‘டீச் ஃபார் இந்தியா’வின் முதல் அணி வகுப்புக்குள் நுழைந்தது. இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: கறாரான தேர்வு, வகுப்புக்கே வந்து பார்த்து வழிகாட்டும் ஒரு ஆள். இவர்கள் மேல் சொல்லப்படும் குறையையும் கவனிக்க வேண்டும். சில வாரப் பயிற்சியோடு வருகிறவர் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுகிறார், அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகள் மறுபடி ஒரு புது முகத்தோடு தொடங்க வேண்டியிருக்கிறது என்பார்கள். நியாயமான குறைதான்.

நமக்கு நம்முடைய முன்னுதாரணமே இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பிறகு சுவீடன், ஜேர்மன் உதவிகளோடு கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்திலேயே பிறந்து படித்த இளைஞர்களை ஆசிரியர்களாக எடுத்து, பிறகு பயிற்சி கொடுத்தார்கள். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி வந்தது. அப்படி உள்ளே வந்தவர்களில் பலர் பின்னாளில் அதிபர்களாகவும் கல்விப் பணிப்பாளர்களாகவும் உயர்ந்தார்கள். வெளியிலிருந்து ஆள் வருவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இடத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கொடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

படி 1: முதலில் பாடசாலை

எந்தப் பாடசாலை என்று தெரியாமல் ஆள் தேடாதீர்கள். ஒரு சங்கம் முதல் வருடத்தில் இரண்டு பாடசாலையை எடுத்தால் போதும்.

தோட்டப் பகுதியில் இருப்பவற்றில் பல, தரம் 5 வரையுள்ள அல்லது தரம் 11 வரையுள்ள சிறிய பாடசாலைகள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை பெரும்பாலும் டவுனில்தான் இருக்கும். நல்ல பெயர் வாங்கிய டவுன் பாடசாலைக்கு ஆள் கொடுப்பது சுலபம், படமும் நன்றாக வரும். தேவை அங்கே இல்லை. பஸ் போகாத மேல்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்), தரம் 6 முதல் 11 வரை ஒரே ஒரு கணித ஆசிரியர் ஓடிக்கொண்டிருக்கும் பாடசாலையில்தான் தேவை இருக்கிறது.

அதிபரைப் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் கேட்டால் எல்லா அதிபரும் எங்களுக்கும் ஆள் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். நேரில் போய் நேரசூசியைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை வெறுமையாகப் போகிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்த வெற்றிடத்துக்கு வலயக் கல்விப் பணிமனை யாரையாவது அனுப்பப் போகிறதா, இடமாற்றத்தில் யாராவது வர இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடைசியாக, வருகிற பிள்ளைக்கு வழிகாட்ட உங்கள் ஆசிரியர்களில் யார் முன்வருவார் என்று கேளுங்கள். அதற்கு ஒரு பெயர் உடனே வந்தால் நல்ல பாடசாலை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று பதில் வந்தால் இன்னொரு முறை போய்ப் பேசுங்கள். அப்போதும் பெயர் வரவில்லை என்றால் அடுத்த பாடசாலையைப் பாருங்கள்.

படி 2: அனுமதியும் எழுத்தும்

தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணப் பாடசாலைகள். மத்திய மாகாணத்தில் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று வலயங்கள் உண்டு. ஊவாவில் பதுளை, பண்டாரவளை, வெலிமடை போன்றவை. எந்த வலயமோ அந்த வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, அதிபர் ஊடாக, கோட்டக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதியோடு கடிதம் கொடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்தால் பணிமனையில் தேங்காது.

கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். யார் கொடுப்பனவு தருகிறார்கள், எந்தப் பாடத்துக்கு, எந்தத் தவணையிலிருந்து எந்தத் தவணை வரை, இது அரச நியமனத்துக்கு எந்த உரிமையும் தராது என்பது. கடைசி வரி முக்கியம். தொண்டர் ஆசிரியர்களாக வருடக்கணக்கில் உழைத்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றவர்களை இந்த நாடு நிறையப் பார்த்திருக்கிறது. அந்த நிலைக்கு ஒரு இளைஞரை நாம் தள்ளக்கூடாது. முதல் நாளே எழுத்தில் சொல்லி, அவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் இதை வைத்து நிறைவேற்றிக்கொள்ளுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் புது ஆள் வந்தால், டியூஷன் பிடிக்க வந்தவர் என்ற பேச்சு ஒரு வாரத்தில் கிளம்பிவிடும். தோட்ட முகாமையாளருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். குவாட்டர்ஸ், தண்ணீர், பாதை எல்லாம் அவர் கையில் இருக்கும்.

தொழிற்சங்க அரசியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையகத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் ஏதாவது ஒரு கட்சி முன்னால் வந்து நிற்கும். உதவி யாரிடமிருந்து வந்தாலும் நன்றி சொல்லி வாங்கலாம். ஆட்களின் பட்டியலை மட்டும் யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். ஒரு தொழிற்சங்கத்தின் ஆள் என்று முத்திரை விழுந்தால், மற்றச் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வருவது நின்றுவிடும்.

படி 3: அறை

இதைத்தான் எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள். ஒரு பெண் பிள்ளை தங்கக்கூடிய அறையா என்று பார்த்தால் போதும், அது யாருக்கும் நல்ல அறையாகத்தான் இருக்கும். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், வீட்டுக்குள்ளேயே அல்லது ஒட்டியே கழிப்பறை, இரவு வெளியே பீலிக்கு (பொதுத் தண்ணீர்க் குழாய்க்கு) போகாமல் தண்ணீர், தொலைபேசிக்கு சிக்னல், பாடசாலைக்கு நடக்கும் தூரம். ஓய்வு பெற்ற ஆசிரியர் வீடு, தோட்ட உத்தியோகத்தர் குவாட்டர்ஸ், டவுனில் ஒரு குடும்பத்தின் மேல்மாடி அறை என்று தேடுங்கள். சாப்பாடும் அங்கேயே என்றால் இன்னும் நல்லது. களைத்துப் போய் வருகிறவர் இருட்டில் அடுப்பு மூட்டி ஒரு மாதம் சமாளிப்பார், அடுத்த மாதம் சாப்பிடாமலே படுத்துவிடுவார்.

அறைக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவையும் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடத்தில் ஆளைத் தங்கவைக்கக் கூடாது. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். மழை எந்தப் பக்கம் எப்போது என்றும் திட்டத்தில் எழுதிவையுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும். பசறை, லுணுகலைப் பக்கம் வருடக் கடைசியிலிருந்துதான் கனமாக வரும்.

படி 4: பணம்

2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்தது மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000. அந்தப் பணத்தில் அறை வாடகையும் பஸ் செலவும் போக வீட்டுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2020இல் அரசு எடுத்த பட்டதாரிப் பயிலுனர்களுக்கே மாதம் 20,000 கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது. சேவை மனப்பான்மை இருந்தால் குறைந்த பணத்துக்கு வருவார்கள் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தோட்டத்துக் குடும்பத்தில் பட்டம் முடித்த பிள்ளைதான் பெரும்பாலும் தம்பி தங்கைகளின் அடுத்த நம்பிக்கை. அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது.

தொகையைத் தீர்மானிக்க நல்ல வழி, டவுனில் ஒரு கடையிலோ தனியார் நிறுவனத்திலோ புதுப் பட்டதாரிக்கு இன்று என்ன கிடைக்கிறது என்று விசாரிப்பது. அதற்குக் குறையாமல் கொடுங்கள். அறை, சாப்பாடு, போக்குவரத்து உங்கள் செலவு. அச்சிடும் தாள், மார்க்கர், பயிற்சிப் புத்தகங்களுக்குத் தனியாக ஒரு தொகை வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் அவர் கையிலிருந்துதான் போகும். மாதச் சம்பளமாகக் கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3 சதவீதமும் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் சங்கத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஒரு சட்டத்தரணியிடமோ கணக்காளரிடமோ கேட்டுவிட்டே ஒப்பந்தம் எழுதுங்கள்.

ஒரு வருடப் பணம் வங்கியில் சேர்ந்த பிறகுதான் விளம்பரம். லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ மாதாமாதம் வரும் என்று நம்பி ஆரம்பித்தால், அங்கே ஒருவருக்கு வேலை போனால் இங்கே ஒரு வகுப்பு நின்றுவிடும்.

படி 5: எங்கே தேடுவது, எப்படிச் சொல்வது

பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, சப்ரகமுவ, கொழும்பு ஆகியவற்றில் படித்த மலையக மாணவர்களை அவர்களுடைய தமிழ்ச் சங்கங்கள் வழியாகப் பிடிக்கலாம். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், வவுனியா பல்கலைக்கழகங்களிலும் நம் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவர்களை மறந்துவிடாதீர்கள். ஒழுங்காக நிற்பதற்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை.

இறுதியாண்டுப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்கள்தான் நல்ல நேரம். பட்டமளிப்பு விழா வரை விட்டால் பாதிப் பேர் கொழும்பில் வேலை எடுத்திருப்பார்கள்.

விளம்பரத்தில் ‘எதிர்காலத் தலைமுறையை உருவாக்க வாருங்கள்’ போன்ற வரிகள் வேண்டாம். படிக்கிறவருக்குத் தேவையான விவரத்தைக் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

‘தரம் 6 முதல் 9 வரை கணிதம் கற்பிக்க இரண்டு பட்டதாரிகள் தேவை. இடம் தோட்டப் பாடசாலை, டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி, பிறகு இருபது நிமிட நடை. காலம் ஆறு தவணைகள். மாதக் கொடுப்பனவு இவ்வளவு, ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி வங்கியில். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு. கற்பித்த அனுபவம் தேவையில்லை, பயிற்சி தருகிறோம். இது அரச நியமனம் அல்ல. தேர்வில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும்.’

இருபது நிமிட நடையை மறைக்காதீர்கள். அதைப் படித்துவிட்டும் விண்ணப்பிக்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். தோட்டத்துக் கோயிலிலும், காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்திலும் ஒட்டுங்கள். ‘மாமி மகள் கெம்பஸ் முடிச்சிட்டு வீட்லதான் இருக்கு’ என்று யாராவது சொல்லி வருகிற விண்ணப்பம் பலமுறை நல்ல விண்ணப்பமாக இருக்கும்.

படி 6: தேர்வு

வகுப்புச் சித்தியைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். முதல் வகுப்பில் சித்தியடைந்தவருக்குத் தரம் 7 பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்பது சில நேரம் புரிவதே இல்லை. அரை மணி நேர நேர்முகத் தேர்வைவிட, உண்மையான வகுப்பில் இருபது நிமிட மாதிரிப் பாடம் எத்தனையோ மேல். அதிபரிடம் கேட்டு, அந்தப் பாடசாலைப் பிள்ளைகளோடே நடத்துங்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். தரம் 8, சதவீதம். ஒருவர் வந்து கரும்பலகையில் சூத்திரத்தை எழுதி, மூன்று கணக்கு செய்து காட்டி, ‘விளங்கியதா?’ என்றார். பிள்ளைகள் ஒரே குரலில் ‘ஓம் சேர்’ என்றார்கள். அழகான கையெழுத்து, பிழையில்லாத கணக்கு. அடுத்து வந்த பெண் எதையும் எழுதவில்லை. ‘அம்மா நேற்று எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாங்க?’ என்று கேட்டார். ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு பையன், ‘இருபது கிலோ மிஸ், ஆனா ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க’ என்றான். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கழிவு. ‘சரி, இருபதில் ரெண்டு போனால் நூற்றில் எவ்வளவு போகும்?’ என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் நின்றார். நேரம் போனது. தேர்வுக்குழுவில் ஒருவருக்குப் பொறுமை போய் நாற்காலியில் அசைந்தார். அந்தப் பையனே ‘பத்து’ என்றான். பிறகு பதினெட்டு கிலோ எடுத்தவருக்கும் ரெண்டு கிலோதான் வெட்டினால் சதவீதம் கூடுமா குறையுமா என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாக்குவாதம் பண்ணத் தொடங்கிவிட்டார்கள். யாரை எடுக்க வேண்டும் என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நான் கவனிக்கச் சொல்வது இவைதான். பிழையான விடை வந்தால் அவர் முகம் எப்படி மாறுகிறது? பின்வரிசைக்குப் போகிறாரா? கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிகிறதா? பிள்ளைகளின் பேச்சுத்தமிழைக் கேட்டுச் சிரிக்கிறாரா? கடைசிக் கேள்வி, யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, டவுனில் வளர்ந்த மலையகப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். தோட்டத்துப் பேச்சை மட்டமாக நினைக்கிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேண்டாம்.

பாடம் முடிந்ததும், ‘உங்களுக்கு அரச நியமனம் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று நேரடியாகக் கேளுங்கள். ‘போகமாட்டேன்’ என்கிறவரை நம்ப வேண்டாம். போக வேண்டியவர்தான், போவதுதான் சரி. ‘தவணை முடியும்வரை நேரம் கேட்டுப் பார்ப்பேன், முடியாவிட்டால் வேறொருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவேன்’ என்கிறவர் யோசித்துப் பேசுகிறார்.

எடுத்தவரின் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கையில் வந்த பிறகே வகுப்புக்குள் விடுங்கள். முன்பு படித்த, வேலை செய்த இடங்களில் இரண்டு பேரிடம் தொலைபேசியில் விசாரியுங்கள். தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்றாலும் இதில் சலுகை கிடையாது.

படி 7: வகுப்புக்குப் போகுமுன் பயிற்சி

மூன்று வாரம் ஒதுக்குங்கள். உரைகளுக்கு அதில் ஒரு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் வாரம் நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அவரோடு சேர்ந்து பாதிப் பாடம். மூன்றாம் வாரம் தனியாக, யாராவது பார்த்துக் குறிப்பெடுக்க. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வலயத்து ஆசிரிய ஆலோசகர்களும் மரியாதையாகக் கேட்டால் வருவார்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அரசின் இலவசப் பாடநூல்களும் தமிழில் இருக்கின்றன. தனிப் பாடத்திட்டம் எதுவும் உருவாக்கப் போகாதீர்கள். அந்தப் பிள்ளை எழுதப் போவது சாதாரண தரப் பரீட்சைதான்.

தோட்டப் பாடசாலைக்கென்றே சிலவற்றைப் பழக வேண்டும். பல இடங்களில் ஒரே நீண்ட மண்டபத்தில் மூன்று நான்கு வகுப்புகள், நடுவில் பாதி உயரத் தட்டி. பக்கத்து வகுப்பில் பாட்டுப் பாடினால் உங்கள் கணக்கு போய்விடும். கனமழை தகரக் கூரையில் விழும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் இரண்டாம் வரிசைக்குக் கேட்காது. அதற்கென்று ‘மழைப் பாடம்’ ஒன்றைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்: முன்பே எழுதி வைத்த கணக்குத் தாள்கள், இருவர் இருவராகச் செய்து, விடையை விரலால் காட்டுவது. சிறிய ஆரம்பப் பாடசாலை என்றால் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கவும் பழக வேண்டும். ஒரு தரம் எழுதும்போது மற்றத் தரத்தோடு பேசுவது கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், தரம் 6, 7இல் இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் சரளமாக வாசிக்க வராது. பாடநூலைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வார்கள், வருடம் முழுக்க அப்படியே ஓட்டிவிடுவார்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, தரம் 3 பாடநூலிலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, இருபது சின்னக் கணக்கு கொடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் இதைச் செய்யக்கூடாது. வருட முடிவில் அதே பத்தி, அதே மாதிரிக் கணக்கு. உங்கள் திட்டம் வேலை செய்ததா என்பதற்கு இதைவிடச் சரியான ஆதாரம் கிடைக்காது.

அடி கூடாது. கல்வி அமைச்சின் சுற்றுநிருபங்கள் தடை செய்திருக்கின்றன. மற்ற ஆசிரியர் அடித்தாலும் உங்கள் ஆள் அடிக்கக் கூடாது. தனியறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, மாணவர்களோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் கூடாது. ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், அதிபருக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். இதை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

படி 8: முதல் தவணை

அனுப்பிவிட்டு மறந்துபோகும் தவணை இதுதான். முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது யாராவது நேரில் போக வேண்டும். குழுத் தலைவர் கொடி பிடித்துக்கொண்டு போக வேண்டாம். படிப்பித்துப் பழகிய ஒருவர் போய், ஒரு பாடத்தைப் பின்னால் இருந்து பார்த்து, தேநீர் குடிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத் திருத்தச் சொன்னால் போதும். ஒரே தடவையில் எட்டுக் குறை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.

ஒரு பாடசாலைக்கு இரண்டு பேராக அனுப்ப முடிந்தால் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். பணம் குறைவாக இருந்தால், இரண்டு பாடசாலைக்கு ஒவ்வொருவராக அனுப்புவதைவிட ஒரே பாடசாலைக்கு இருவரை அனுப்புவதே மேல் என்பது என் கருத்து. ஆறு மணிக்கே பனி இறங்கி ஊர் அடங்கிவிடும். அன்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிச் சிரிக்கவும் அழவும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஆசிரியர் அறையிலும் ஒரு சங்கடம் வரும். இருபது வருடம் படிப்பிக்கும் ஆசிரியர், நேற்று வந்த பிள்ளையை எல்லோரும் புகழ்ந்தால் என்ன நினைப்பார்? பத்திரிகைச் செய்தி, பேனர், பாராட்டு விழா எதுவும் முதல் வருடம் வேண்டாம். புது ஆள் மூத்தவர்களிடம் ‘சேர், இந்தப் பாடத்தை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்கப் பழகட்டும். கேட்டால் சொல்லாத ஆசிரியர் அபூர்வம்.

பெற்றோரைப் பார்ப்பதற்கும் நேரம் உண்டு. காலை பெரட்டுக்குப் பிறகு அம்மாமார் மலையில் இருப்பார்கள், மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் சமையல். வேலை நாளில் பாடசாலைக்கு வரச் சொன்னால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். ஞாயிறு பிற்பகலில் லயத்துக்கே போய் உட்கார்ந்து பேசினால் வாசலில் பாய் விரித்துத் தேநீர் கொடுப்பார்கள். பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டதை அம்மாவிடம் நேரில் சொன்ன ஆசிரியரை அந்த லயமே பார்த்துக்கொள்ளும்.

படி 9: நியமனக் கடிதம் வரும் நாள்

அரசு ஆட்சேர்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஒரே வாரத்தில் கடமையேற்கச் சொல்வார்கள். அதை எதிர்பார்த்தே திட்டம் போடுங்கள். ஒப்பந்தம் தவணைக் கணக்கில் இருக்கட்டும். தேர்வில் மூன்றாவதாக வந்தவரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, தவணைக்கு ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கைமாற்றுக் கொப்பி இருக்க வேண்டும். எந்த அலகு முடிந்தது, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, யாருக்குக் கண் தெரியாமல் முன்னால் உட்கார வேண்டும், யார் கொழுந்துக் காலத்தில் தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கிறார் என்று வாரம் ஒரு முறை எழுதினால் போதும். புதிதாக வருகிறவர் அதை ஒரு மாலையில் வாசித்துவிட்டு அடுத்த நாள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியும்.

போகிறவர் ஆசிரிய சேவைக்குப் போனால் சந்தோஷமாக அனுப்புங்கள். அவர் எங்கே போனாலும் படிப்பிக்கத் தெரிந்தவராகப் போகிறார். பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்ய விரும்புகிறவருக்கு விண்ணப்பக் கட்டணத்துக்கு உதவுங்கள். அனுபவக் கடிதத்தை அதிபர் கையொப்பத்தோடு கொடுங்கள்.

படி 10: வருடக் கணக்கு, அப்புறம் வெளியேறுவது

பெற்றோர் முன்னால் ஒரு பக்க அறிக்கை வையுங்கள். வரவு செலவு, வாசிப்புச் சோதனையின் முதல் எண்ணும் கடைசி எண்ணும், பாடவேளை எத்தனை நடந்தது, எத்தனை தவறியது. தரம் 5 புலமைப்பரிசில் சித்தியை மட்டும் பெரிதாகப் போடாதீர்கள். அந்த எண்ணில் நான்கைந்து பிள்ளைகள்தான் தெரிவார்கள், வாசிக்கக் கற்றுக்கொண்ட முப்பது பேர் தெரியமாட்டார்கள்.

அந்த அறிக்கையின் பிரதியை வலயத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கொடுக்கும்போது, வெற்றிடத்தை நிரப்பக் கோரும் கடிதத்தையும் சேர்த்தே கொடுங்கள். வருடா வருடம் கொடுங்கள். நாம் ஆள் வைத்திருக்கிறோம் என்பதற்காக அந்த வெற்றிடம் பட்டியலிலிருந்து மறைந்துவிடக் கூடாது. அது அரசின் கடமை, நாம் இடைவெளியில் கை கொடுக்கிறோம். அதிபரிடமும், பதவி வெற்றிடமாகவே பதிவில் இருக்கிறதா என்று தவணைக்கு ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அரச ஆசிரியர் வந்துவிட்டால், உங்கள் ஆள் அந்தப் பாடத்தை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். உடனே அடுத்த நாளே வேண்டாம். இரண்டு வாரம் இருவரும் ஒரே வகுப்பில் நிற்கட்டும், கைமாற்றுக் கொப்பியைச் சேர்ந்து வாசிக்கட்டும். அதற்குள் நீங்கள் அடுத்த பாடசாலையின் நேரசூசியைப் பார்த்து, அங்கே ஒரு அறையையும் பேசி வைத்திருக்க வேண்டும்.